மெல்லாமைச் சான்றிதழ்

“ஆடு மென்னுது, மாடு மென்னுது. வேம்புலியம்மன் கோயிலு மண்ணு குதிர கூட கடிவாளத்த மென்னுகினு நிக்கிது. என்னிய மட்டும் ஏம்மா துப்பு துப்புன்ற?”

சாமுண்டீஸ்வரி இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அதுவரை ‘தண்ணி’, ‘வாணாம்’ என்ற இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு அவள் காலம் தள்ளிவந்தாள். மகள் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக ஒன்று வந்துவிட்ட மகிழ்ச்சியில் நாகம்மா பதில் சொல்ல மறந்து கற்பூரம் வாங்க ஓடிவிட்டாள். கேள்வி அப்படியே நின்றுபோனது. அதற்குப் பதில் சொல்ல, அவளுக்குப் பதினைந்து வயதானபோது, ஓர் அலுவலகமே திரண்டு வந்தது.

ஆவடியிலிருந்து வெள்ளானூர் போகிற சாலையில், முள்கம்பி போட்ட மதிலுக்குள் இருந்தது அந்தத் தொழிற்சாலை. ராணுவ வண்டிகளுக்கு ஏதோ உறுப்பு செய்தார்கள். என்ன உறுப்பு என்று செய்கிறவர்களுக்கே தெரியாது, கேட்பது ஒழுங்கீனம். மதிலை ஒட்டிக் குடியிருப்பு, குடியிருப்புக்குள் பள்ளிக்கூடம். அங்கே கதவு, ஜன்னல், நாற்காலி, தண்ணீர்ப் பானை எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதியிருக்கும். வேப்ப மரங்களுக்கும் எண் உண்டு. மரத்தில் உட்காரும் காக்கைக்கு மட்டும் இன்னும் எண் வரவில்லை.

“அதுக்கும் ஃபைலு போயிகினுதான் கீது தங்கச்சி. காக்கா கையெழுத்து போட்டா முடிஞ்சிது” என்பான் கேன்டீன் சமையல்காரன் துலுக்கானம்.

நாகம்மா அந்தக் கேன்டீனில் பரிமாறுகிறவள். அவள் கணவன் கன்னியப்பன் பேக்கிங் ஷெட்டில் வேலை பார்த்து, மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அந்த வேலைக்கு ஈடாக அவளுக்குக் கிடைத்த வேலை இது. அதன் பெயர் ‘கருணை அடிப்படை நியமனம்’. கருணை என்ற சொல்லை அந்தத் தொழிற்சாலை அந்த ஓர் இடத்தில்தான் பயன்படுத்தியது. ஆனால் பயன்படுத்தியதை அவளுக்கு அடிக்கடி நினைவூட்டியது.

கன்னியப்பனிடம் வேறு மாதிரியான ஒரு கருணை இருந்தது. கல்யாணமான புதிதில், பேச்சிலர் குவார்ட்டர்ஸில் தென்னாட்டிலிருந்து வந்த ஒரு பயிற்சிப் பையன் டைஃபாய்டில் விழுந்து, கேட்க ஆளில்லாமல் கிடந்தான். கன்னியப்பன் நாகம்மாவைக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சச் சொல்லி, அவளுக்குச் சீராக வந்த தூக்குப் பாத்திரத்தில் ஊற்றி, காய்ச்சல் விடும்வரை நாள்தோறும் கொண்டுபோனான். பையன் பிழைத்தான். உடனே அவனை வடக்கே எங்கோ மாற்றிவிட்டார்கள். தூக்கும் அவனோடு போய்விட்டது. அவன் பேரும் நாகம்மாவுக்குத் தெரியாது, முகமும் தெரியாது. தூக்கை மட்டும் அவள் மறக்கவில்லை.

“எங்கம்மா ஊட்டு சீருய்யா அது! பேரு வெட்டின தூக்கு!” என்று அவள் சண்டை போட்டபோது கன்னியப்பன் சிரித்தான். “ஒருத்தன் வவுறு நெறஞ்சிதா இல்லியா? தூக்கு எங்க பூடும்? வரும் போ.”

அவன் போய்விட்டான். தூக்கு வரவில்லை.

சாமுண்டி மென்றாள். சட்டைக் காலர், பென்சில், பின்னல் நுனி, ரப்பர்ச் செருப்பின் வார் என்று எது கிடைத்தாலும் மென்றாள். தொழிற்சாலைச் சங்கு ஊதும்போதும், வகுப்பில் ட்யூப்லைட் ரீங்கரிக்கும்போதும், பிரேயரில் எல்லாரும் நெருக்கி நிற்கும்போதும் அவள் கண்கள் அலைபாயும், தோள் குறுகும். வாயில் கெட்டியாக ஒன்று இருந்தால் போதும், அலை அடங்கிவிடும். கணக்குப் போடுவாள். வகுப்பில் அவளைவிட வேகமாகக் கணக்குப் போட ஆள் கிடையாது.

நாகம்மா பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். அங்கே ஓர் இளம் டாக்டரம்மா வெகுநேரம் சாமுண்டியோடு தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆட்டிசம் என்று ஒரு பெயரைச் சொன்னார். “மெல்றது நோய் இல்லம்மா. சத்தம், கூட்டம், வெளிச்சம் எல்லாம் இவளுக்கு ரொம்ப அதிகமா வந்து விழுது. அதைத் தாங்க இவளே கண்டுபிடிச்ச வழி அது. பிடுங்காதீங்க. சுத்தமானதா, கெட்டியானதா ஒண்ணு கையில குடுங்க.”

அன்றிலிருந்து நாகம்மாவுக்கு அது இன்னொரு சமையல் ஆயிற்று. பழைய புடவைக் கரையை நாலாக மடித்துத் தைத்து, வெந்நீரில் கொதிக்க வைத்து, காலருக்குள் நாடாவாகக் கட்டினாள். காலையில் ஒன்று, மத்தியானம் மாற்ற ஒன்று. பரீட்சை என்றால் கொப்பரைத் துண்டு. பெண் நன்றாகத்தான் இருந்தாள். இருப்புச் சரிபார்ப்பு வரும்வரை.

1992ஆம் வருடத் தை மாதத்தில் அது வந்தது. பள்ளியில் தேசப்படம் காட்டுகிற குச்சி, இருக்க வேண்டியதைவிடக் கட்டைவிரல் அகலம் குறைவாக இருந்தது. நுனியில் பல் தடம். வேறு ஊராக இருந்தால் புதுக் குச்சி ஒடித்திருப்பார்கள். இங்கே அது பாதுகாப்புத் துறை நிதியில் வாங்கிய குச்சி. ஆகவே அது தேசத்தின் பாதுகாப்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஏற்பட்ட ஓட்டை.

நிர்வாக அதிகாரி சண்முகசுந்தரம் நாகம்மாவை அழைத்தார். வெண்ணிறச் சட்டை, விபூதிக் கீற்று, மெதுவான குரல். குரலை அவர் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அதனாலேயே அவர் அறைக்குள் போகிறவர்களுக்கு உள்ளங்கை வேர்க்கும்.

“உட்காருங்கள் அம்மா. உட்கார நாற்காலி இல்லை, இருந்தாலும் உட்காருங்கள். உங்கள் மகள்தானே மெல்லுவது?”

“ஆமா சார். அது ஒடம்பு சார் அவுளுக்கு. டாக்டரம்மா எய்திக் குட்த்துக்கீறாங்கோ.” சீட்டை நீட்டினாள்.

அவர் அதைப் படித்தார். பிறகு மருத்துவச் சலுகைக்குரிய நோய்களின் அச்சிட்ட பட்டியலை எடுத்து, விரலை வைத்து மேலிருந்து கீழாக வந்தார். பிறகு கீழிருந்து மேலாகப் போனார்.

“இல்லை” என்றார் வருத்தத்துடன். “பட்டியலில் இல்லாத நோய் வருவதற்கு ஊழியரின் குடும்பத்துக்கு அனுமதி இல்லை அம்மா. எங்களுக்கு உங்கள் பெண் மேல் கோபம் கிடையாது. கோபப்பட மேலிடத்து ஒப்புதல் வேண்டும். நிர்வாகத்துக்கும் இதயம் உண்டு. ஆனால் அது கோப்பு வழியாகத்தான் துடிக்கும்.”

இதைச் சொல்லும்போது அவர் தம் பேனா மூடியை வாயில் வைத்து மெல்ல மென்றுகொண்டிருந்தார். நாகம்மா பார்த்தாள். அதைச் சொல்லலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் ‘பொதுச் சொத்து வாய்வழிச் சேதத் தடுப்புக் குழு’ அமைந்தது. சண்முகசுந்தரம் தலைவர், தலைமையாசிரியை பத்மா செயலாளர். முதல் கூட்டத்தில் பிஸ்கட் கொடுத்தார்கள். பிஸ்கட்டை ஊறவைத்து விழுங்க வேண்டும் என்று ஒரு தீர்மானமும் போட்டார்கள்.

இரண்டாவது தீர்மானம் சாமுண்டியைப் பற்றியது. மெல்லும் பழக்கம் இல்லை என்று குழு வழங்கும் ‘மெல்லாமைச் சான்றிதழ்’ இல்லாமல் அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வின் ஹால் டிக்கெட் கிடையாது. சான்றிதழ் கிடைக்காவிட்டால், குமணன்சாவடியைத் தாண்டி பெங்களூர் சாலையில் இருக்கும் ஒழுங்குப் பயிற்சி இல்லத்துக்கு அவள் அனுப்பப்படுவாள்.

நாடா, கொப்பரை எல்லாம் மாற்று மெல்பொருள்கள் என்று தடைசெய்யப்பட்டன.

“நான் இந்தப் பிள்ளைங்கள என் சொந்தப் பிள்ளைங்க மாதிரிதாம்மா பாக்கிறேன்” என்றார் பத்மா. “அதனாலதான் அவள கிளாசுக்கு வெளிய நிக்க வைக்கிறேன். சொந்தப் பிள்ளையா இருந்தா வீட்டுக்கே அனுப்பியிருப்பேன்.”

வாயில் ஒன்றும் இல்லாமல் சாமுண்டி தன் உதட்டையும், உதடு புண்ணானதும் புறங்கையையும் மென்றாள். சங்கு ஊதும் நேரம் நெருங்கினால் முன்கூட்டியே நடுங்கத் தொடங்கினாள். இரவல் வாங்கிய பஞ்சை அவள் காதில் வைத்துவிட்டு நாகம்மா வேலைக்குப் போனாள். அன்று அவள் பரிமாறிய சாம்பார் தட்டுக்கு வெளியே சிந்தியது.

இல்லத்தைப் பற்றி அவளுக்குத் தெரியும். பக்கத்துப் பிளாக் மணவாளனின் மகனை அங்கேதான் அனுப்பியிருந்தார்கள். ரயில் போனால் ரயில் மாதிரியே கூவுகிற பையன். ஆவடி லோக்கல் எது, அரக்கோணம் வண்டி எது என்று கூவலிலேயே பிரித்துக் காட்டுவான். பொங்கலுக்கு வந்திருந்தான். நல்ல சட்டை, படிய வாரிய தலை. மின்சார ரயில் போன சத்தம் கேட்டது. அவன் கூவவில்லை. தன் வலது கையை எடுத்துத் தன் வாயை, வண்டி போய் முடியும்வரை, அழுத்திப் பொத்திக்கொண்டான். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

“எவ்ளோ நல்லா மாறிட்டான் பாத்தியா?” என்றான் மணவாளன். சொல்லிவிட்டு அவன் வெளியே போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுததை நாகம்மா பார்த்தாள்.

இல்லத்தின் விளம்பரத் தாளில் ஒரு படம் இருந்தது. குழந்தை முகத்தில் வலை போன்ற ஒன்று. ‘ஒழுங்குக் கவசம்’ என்று கீழே போட்டிருந்தது. நாகம்மாவுக்கு அது என்னவென்று பார்த்தவுடன் தெரிந்தது. போரடிக்கிற மாடு நெல்லில் வாய் வைக்காமல் இருக்கக் கட்டுகிற வாய்க்கூடு. அவள் அப்பன் வெள்ளானூரில் பண்ணை வேலை செய்தவர். ஆண்டை அந்தப் பக்கம் திரும்பினால் இவர் இந்தப் பக்கம் வாய்க்கூட்டை அவிழ்த்துவிடுவார். “அதுவுந்தானே ஒழைக்கிது. ரெண்டு வாய் துன்னா கொறஞ்சா பூடும்?” என்பார். அவிழ்த்துவிட ஒருத்தன் இருந்தால் எந்த வாய்க்கூடும் தாங்கக்கூடியதே. அந்த வலைக்குப் பின்னால் அப்படி ஒருத்தனும் இருக்கிற மாதிரி படத்தில் தெரியவில்லை.

இதற்கிடையே குழுவுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. குச்சியை மென்றது சாமுண்டிதான் என்று எப்படி நிரூபிப்பது? தணிக்கையில் கேட்டால்? அவள் மெல்லுவதைப் பள்ளியே பார்த்திருக்கிறது. ஆனால் பார்ப்பது அந்தத் தொழிற்சாலையில் ஆதாரம் ஆகாது. அங்கே ஓர் உறுப்பு சரியா தப்பா என்று யாரும் கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை. கேஜ் வைத்துத்தான் சொல்வார்கள். கேஜ் என்பது இரண்டு முனை உள்ள இரும்புத் துண்டு. ஒரு முனைக்குக் ‘கோ’ என்று பெயர். அது உறுப்பின் துளைக்குள் போக வேண்டும். இன்னொன்று ‘நோ-கோ’, அது போகக் கூடாது. முதலாவது போய், இரண்டாவது போகாவிட்டால் பாஸ். இரண்டும் போனாலோ, இரண்டும் போகாவிட்டாலோ அந்த உறுப்பு நம்முடையதல்ல என்று தூக்கி எறிந்துவிடுவார்கள்.

ஆகவே, சாமுண்டீஸ்வரியின் கடிக்கு ஒரு கேஜ் செய்ய ஆணை பிறந்தது.

செய்ய வந்தவர் கேஜ் ரூம் பால்ராஜ். நாற்பதை ஒட்டிய வயது. வடக்கே எங்கோ ஒரு தொழிற்சாலையில் பல வருடம் இருந்துவிட்டு, போன வருடம்தான் மாற்றலாகி வந்தவர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், மற்ற நாளெல்லாம் கேஜ் ரூம். பேச்சு குறைவு. மெழுகைச் சூடாக்கி ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு, கூச்சத்தோடு நாகம்மாவின் வீட்டு வாசலில் நின்றார்.

“மன்னிக்கணும்மா. ஆர்டரு. நான் என்னத்தச் சொல்ல.”

சாமுண்டி மெழுகைக் கடித்தாள். கடித்தவள் விடவில்லை. வெகுநாள் கழித்து வாயில் கெட்டியாக ஒன்று கிடைத்த சுகத்தில் அவள் தோள்கள் இறங்கின, கண் தெளிந்தது. “நல்லா கீது” என்றாள், அவரைப் பார்க்காமல், அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்து.

“அச்சு எடுத்தது போக மிச்சத்த நீயே வச்சுக்கோம்மா” என்றார் பால்ராஜ். பிறகு தாளைப் பார்த்து எழுதத் தொடங்கினார். “தகப்பனார் பேரு... கன்னியப்பன்.” பேனா நின்றது. “எந்தக் கன்னியப்பன்மா? பேக்கிங் ஷெட்ல இருந்தாரே...”

“அவருதான் சார். பூட்டாரு. காமால.”

பால்ராஜ் நிமிரவே இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மெழுகு தட்டில் கிடுகிடுவென்று ஆடியது. இந்தக் குழுவுக்கு வேலை செய்கிறவனுக்குக் கூட வெட்கம் இருக்கிறதே என்று நாகம்மா நினைத்துக்கொண்டாள்.

கேஜ் தயாராயிற்று. அதில் ஒரே ஒரு சிக்கல். எந்த வரைபடமும் டாலரன்ஸ் குறிக்காமல் கையெழுத்தாகாது. அதாவது இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்ற சலுகை. மனிதப் பல்லுக்கு எவ்வளவு சலுகை என்று விதிப் புத்தகத்தில் இல்லை. ஆகவே சண்முகசுந்தரம், வாய் போலவே வட்டமாக இருப்பதால், லாரிச் சக்கர மூடிக்கு உரிய சலுகையைப் போடச் சொன்னார். பால்ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “விதி இல்லாத இடத்தில் பக்கத்து விதி” என்றார் அதிகாரி.

விளைவு, ‘கோ’ போய் ‘நோ-கோ’ நின்று, அந்தக் கேஜ் குச்சியின் பல் தடத்தில் சரியாக உட்கார்ந்தது. பிறகு ஆய்வகத்து ரூலரிலும் உட்கார்ந்தது. டைப்பிஸ்ட்டின் பென்சிலிலும், காவல் நாய் கடித்த தோல் வாரிலும், எலி கடித்த திரைச்சீலையிலும் உட்கார்ந்தது.

“இந்த கேஜு ரயில் பொட்டிய வச்சாலும் ஒக்காரும் தங்கச்சி” என்றான் துலுக்கானம். சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தான். அந்த நாட்களில் எல்லாரும் அப்படிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஒவ்வொன்றும் சாமுண்டியின் பேரில் பதிவாயிற்று. ரூலர் வாங்கி மூலையில் போடப்பட்டது அவள் பிறப்பதற்கு முன்பு என்று யாரோ சுட்டிக் காட்டினார்கள். குழு அதையும் ஆராய்ந்தது. ‘சேதம் நிகழ்ந்த காலத்தில் சம்பந்தப்பட்டவர் பிறந்திருக்கவில்லை என்பது அவருடைய பொறுப்பைக் குறைக்காது’ என்று எழுதியது.

அப்புறம்தான் விபரீதம். எது மெல்லப்பட்டாலும் ஒரே வாய்தான் பொறுப்பு என்று ஆனதும், மற்ற வாய்களெல்லாம் விடுதலை அடைந்தன. அதுவரை அடக்கிவைத்திருந்தவர்கள் தாராளமாக மென்றார்கள். கணக்குப் பிரிவில் கோப்பு நாடாவை மென்றார்கள். பள்ளியில் டஸ்டரை மென்றார்கள். கூட்டங்களில் அதிகாரிகள் மூக்குக்கண்ணாடிக் காதை மென்றபடியே சாமுண்டியின் பழக்கத்தைக் கண்டித்தார்கள். மென்று முடித்ததை மேசையில் வரிசையாக வைத்தால், மாலையில் குழு வந்து கேஜ் வைத்து எடுத்துப் போகும். குடியிருப்பு முழுவதும் ஒரு மெல்லிய, இடைவிடாத அரைபடும் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே, வகுப்புக்கு வெளியே, வெறும் வாயோடு நின்றுகொண்டிருந்தது ஒரே ஒரு பெண்தான்.

நாகம்மா வேம்புலியம்மன் முன்னால் போய் நின்றாள். அவளுக்கு வேண்டிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. “தாயே, ஒன்னோட இன்னொரு பேரத்தான் வச்சேன் எம் பொண்ணுக்கு. பல்லு இல்லாத சாமுண்டிய எந்தக் கோயில்ல கண்டாங்கோ? நீ பாத்துக்கோ” என்று மட்டும் சொன்னாள்.

விசாரணை நாள் வந்தது. காலையிலேயே சாம்பல் நிற வண்டி ஒன்று பள்ளி வாசலில் வந்து நின்றது. ஜன்னல்களில் வலைக்கம்பி. டிரைவர் இறங்கவில்லை, யாரிடமும் பேசவில்லை, என்ஜினை அணைக்கவும் இல்லை. அந்த உறுமல் கேட்டுச் சாமுண்டி தன் காலரை வாயில் திணித்துக்கொண்டாள். நாகம்மா தடுக்கவில்லை. இனித் தடுத்து என்ன ஆகப்போகிறது?

பள்ளியின் பெரிய கூடத்தில் நீண்ட மேசை. மேலே சாமுண்டியின் பேரில் மெல்லப்பட்ட பொருள்கள் மலையாகக் குவிந்திருந்தன. நடுவே வெல்வெட் துணியில் கேஜ்.

“சார், என்னிய வேலய உட்டுத் தூக்குங்கோ. குவார்ட்டர்ஸ காலி பண்ணச் சொல்லுங்கோ. பொண்ண மட்டும் வண்டியில ஏத்தாதீங்கோ சார். பரிச்ச எய்தட்டும்” என்றாள் நாகம்மா. அவள் கை கூப்பியபடியே இருந்தது. “கொஞ்சம் கருண காட்டுங்கோ.”

சண்முகசுந்தரம் மிகவும் இளகிய குரலில் பேசினார். “கருணை ஒரு குடும்பத்துக்கு ஒரு முறைதான் அம்மா. உங்கள் கணவர் இறந்தபோது அதை எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். கையெழுத்துகூடப் போட்டிருக்கிறீர்கள். அன்றே கொஞ்சம் யோசித்து, மகளுக்கென்று மீதி வைத்திருக்கலாம். இப்போது எங்களைக் குறை சொல்லக் கூடாது. இந்த வண்டியைப் பாருங்கள். நாங்கள் கேட்டதும் வந்துவிட்டது. இவ்வளவு ஒத்துழைப்பு இருக்கும்போது ஒரு பிள்ளையை அனுப்பாமல் இருப்பது அவர்களை அவமதிப்பது ஆகும்.”

சாமுண்டியின் கடியிலேயே கேஜை வைத்துப் பார்க்கும் இறுதிச் சோதனைக்கு முன் மேலிடத்திலிருந்து போன் வந்து அவரைக் கூப்பிட்டது. மற்றது சாப்பாட்டுக்குப் பிறகு என்றார்கள். கேஜை வெயில் நேரத்தில் கேஜ் ரூமுக்கு வெளியே வைக்கக் கூடாது என்பது விதி. பால்ராஜ் அதை வெல்வெட்டோடு சுருட்டித் தம் அறைக்கு எடுத்துப்போனார்.

விசாரணை நாளானாலும் பரிமாறுவது பரிமாறுவதுதான். நாகம்மா கேன்டீனில் தட்டு வைத்தாள். மூலையில் ஒரு தட்டு தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது.

“பால்ராஜ் சார் துன்ன வர்லியே” என்றான் துலுக்கானம். “கதவ சாத்திகினு உள்ளாற கீறாரு. ஜெபம் பண்றாரு போல.”

மதியம் குழு மறுபடி கூடியது. புது மெழுகு வைத்தார்கள். சாமுண்டி கடித்தாள். தடத்தில் பால்ராஜ் கேஜை வைத்தார். ‘கோ’ முனை போயிற்று. குழு தலையாட்டியது. பத்மா ஆணைத் தாளைத் தலைவர் பக்கம் நகர்த்தினார். வெளியே வண்டியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

பால்ராஜ் கேஜைத் திருப்பி ‘நோ-கோ’ முனையை வைத்தார்.

அதுவும் போயிற்று.

“இன்னொரு முறை” என்றார் சண்முகசுந்தரம். இன்னொரு முறையும் போயிற்று. அவரே வாங்கி வைத்துப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி போவது போலப் போயிற்று.

“ரெண்டும் போவுது சார்” என்றார் பால்ராஜ், மேசையைப் பார்த்தபடி. “விதிப்படி ரிஜெக்ட்டு. இந்தக் கடி அந்தக் கடி இல்ல.”

“சார்!” என்று எழுந்துவிட்டார் பத்மா. “அவ இப்பக்கூட மென்னுகிட்டுதான் நிக்கிறா! பாருங்க சார், காலர் பாதி வாய்க்குள்ள!”

உண்மைதான். சரக் சரக் என்ற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. சண்முகசுந்தரம் சாமுண்டியை நிதானமாகப் பார்த்தார். பிறகு கேஜைப் பார்த்தார். பிறகு பத்மாவைக் கடிந்துகொண்டார்.

“மேடம், கண்ணால் பார்ப்பதை வைத்து முடிவெடுத்திருந்தால் இந்தத் தொழிற்சாலையை எப்போதோ மூடியிருக்க வேண்டும்.”

மெல்லாமைச் சான்றிதழ் அங்கேயே எழுதப்பட்டது. ‘மேற்படி மாணவிக்கு மெல்லும் பழக்கம் இல்லை. அவர் வாயில் எது எப்படி அசைந்தாலும் அது மெல்லுதல் ஆகாது.’ முத்திரை விழுந்தது. ஹால் டிக்கெட் கைக்கு வந்தது. நாகம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காமலே விழுந்து கும்பிட்டாள்.

ஆனால் மேசைமேல் மலை அப்படியே இருந்தது. அவள் மெல்லவில்லை என்றால் இத்தனையையும் மென்றது யார்? குழு அதைப் பற்றி அன்றே தீர்மானம் போட்டது. திங்கட்கிழமை முதல் குடியிருப்பில் உள்ள எல்லாரும், அதிகாரிகள் உட்பட, மெழுகு கடிக்க வேண்டும். தீர்மானத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த சண்முகசுந்தரம், கையிலிருந்த மூடியைப் பார்த்தார். அதன் நுனி நாராகக் கிழிந்திருந்தது. மெதுவாக அதை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தார். சாம்பல் நிற வண்டி போகவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கு ஏறப்போவது யார் என்பது முக்கியம் இல்லை போலிருந்தது.

முதல் பரீட்சை அன்று காலை. கோலமாவோடு கதவைத் திறந்த நாகம்மாவின் காலில் ஏதோ இடறியது.

ஒரு தூக்கு. பளபளவென்று துலக்கியிருந்தது. தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு ஆள் இல்லை. மூடியைத் திறந்தாள். அவித்து, கீறி, வெயிலில் காயவைத்த பனங்கிழங்கு. தென்னாட்டில் வீட்டுக்கு வீடு காயப்போடுவார்கள் என்று கேள்வி. கொம்பு மாதிரிக் கெட்டி. ஒரு துண்டை ஒரு பரீட்சை முழுக்க மெல்லலாம்.

தூக்கைத் திருப்பினாள். அடியில் புள்ளி புள்ளியாக, அவள் அம்மா பாத்திரக்காரனிடம் நின்று வெட்டிய எழுத்து. நாகம்மாள்.

வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். டைஃபாய்டில் கிடந்த தென்னாட்டுப் பையன். வடக்கே மாற்றல். கன்னியப்பன் பேரைக் கேட்டதும் ஆடிய மெழுகுத் தட்டு. ஆறிப்போன சோறு. சாத்திய கதவு. தூக்கின் கைப்பிடி மடிப்பில், துலக்கியும் போகாமல், அரத்தில் ராவிய இரும்புத் தூள் கொஞ்சம் ஒட்டி மினுங்கியது. வாழ்நாளில் பொய் அளவு வைத்தறியாத ஒரு கை, அடைத்த அறைக்குள் ஆண்டவனை மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டு ‘நோ-கோ’ முனையை ராவியிருக்கிறது. அவள் அப்பன் ஆண்டை பார்க்காதபோது அவிழ்த்தாரே, அந்த மாதிரி.

நாகம்மா முந்தானையால் அந்தத் தூளை அழுந்தத் துடைத்தாள். ஒரு பொட்டுகூட மிச்சமில்லாமல் துடைத்து, முந்தானையைத் தொட்டித் தண்ணீரில் அலசிக் கொட்டினாள். அன்று மத்தியானம் கேன்டீனில் பால்ராஜுக்கு எல்லாருக்கும் போலத்தான் பரிமாறினாள். அவரும் எல்லாரையும் போலத்தான் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஆனால் அது பிறகு. இப்போது காலைச் சங்கு ஊதியது. சாமுண்டி வெளியே வந்து, ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். தோள்கள் இறங்கின.

“யாரும்மா குட்த்தா?”

“ஒங்கப்பா” என்றாள் நாகம்மா. “எப்பவோ குட்த்து அனுப்பிச்சாரு. இப்பதான் வந்து சேந்திச்சி. மென்னு கண்ணு. நல்லா மென்னு.”